உலை வடிக்கும் வரை

பிப்ரவரி 11, செவ்வாய்

சர்க்கரை டாக்டரிடம் வேலை பார்க்கும் உணவு ஆலோசகர் பெண், தினமும் என்ன சாப்பிட்டேன் என்று எழுதி வரச் சொல்லியிருக்கிறாள். “ஒளிக்காம எழுதணும் அங்கிள்” என்றாள். செங்கல் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. அதிலேயே தொடங்குகிறேன்.

காலை இட்லி மூன்று, தேங்காய்ச் சட்னி. மதியம் சோறு, கத்தரிக்காய்ச் சாம்பார், பீன்ஸ் பொரியல். சாயங்காலம் சர்க்கரை போடாத டீ, ஒரு வடை. இரவு கோதுமை தோசை. வாயில் வைக்க வழியில்லை.

என்ன வேலை, எவ்வளவு நேரம் நிற்கிறேன் என்றும் எழுத வேண்டுமாம். திண்டிவனத்துக்கு வெளியே, புதுச்சேரி சாலையில் இருக்கும் கண்ணாடித் தொழிற்சாலையில் உலைப் பொறுப்பாளன். ஜன்னல் கண்ணாடி இல்லை. சூடேறினாலும் குளிர்ந்தாலும் வெடிக்காத, அமிலம் பட்டாலும் கரையாத கண்ணாடி. மணல், போராக்ஸ், உடைகண்ணாடி எல்லாம் ஒரு பக்கம் உள்ளே போகும். மறுபக்கம் நீளக் குழாயாக இழுபட்டு வரும். ஊசி மருந்துக் குப்பி, ஆய்வுக்கூடப் பிப்பெட், ரசாயன ஆலைக் குழாய் எல்லாம் அதிலிருந்துதான். உலையை ஒருமுறை பற்றவைத்தால் வருடக்கணக்கில் அணைக்க முடியாது. தீபாவளிக்கும் எரியும், புயலுக்கும் எரியும். எவ்வளவு நேரம் நிற்கிறேன் என்பதை எழுதுவதைவிட எவ்வளவு நேரம் உட்காருகிறேன் என்று எழுதுவது சுலபம்.

பிப்ரவரி 14, வெள்ளி

இட்லி. சோறு, வெண்டைக்காய். லூர்துவின் டப்பாவிலிருந்து வஞ்சிரம் ஒரு துண்டு.

லூர்துசாமியும் நானும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் டிப்ளமோ, அவன் ஐ.டி.ஐ. இப்போது நான் பொறுப்பாளன், அவன் ஆபரேட்டர். தளத்தில் நின்றால் “சார்” என்பான். சாப்பாட்டு மேசையில் “டேய் கோட்டி” என்பான். தனகோட்டி என்ற முழுப் பெயர் வீட்டு ரேஷன் அட்டையிலும் ஜி.எம். வாயிலும் தவிர வேறெங்கும் வருவதில்லை.

இன்று ஜி.எம். அறையில் கூட்டம். தொடங்குமுன் மனிதவளத்துறைக்காரர் ஒரு புது விதியை வாசித்தார். உலையிலிருக்கும் கண்ணாடியை வடித்து, உலையை நிறுத்தும்போது எல்லோருக்கும் முழு மருத்துவப் பரிசோதனை. கண், காது, நரம்பு, கால். தேறாதவர்களுக்கு இனி உலைத் தளத்தில் வேலை கிடையாது. பேக்கிங்குக்கோ ஸ்டோருக்கோ போக வேண்டியது.

பிறகு உலையைப் பற்றிய பேச்சு. அதற்கு வயதாகிவிட்டது. உருகிய கண்ணாடி உள்ளேயிருந்து செங்கலைத் தின்றுகொண்டே வரும். பின்சுவரின் இடது மூலையில் வெளியே நின்று பார்த்தாலே சிவப்புத் தெரிகிறது. விசிறி வைத்துக் காற்றடித்து ஆற்றிக்கொண்டிருக்கிறோம். புதுச் செங்கல் கப்பலில் வர வேண்டும், வரவில்லை. இப்போதே வடித்துவிட்டுக் காத்திருப்பதா, செங்கல் வரும்வரை ஓட்டுவதா?

ஷிப்ட் என்ஜினியர் பௌசியா பட்டென்று சொன்னாள். “வடிச்சிடலாம் சார். அந்த மூலையில செங்கல் மிச்சம் இருக்கா, இல்ல கண்ணாடியே உறைஞ்சு நின்னு தாங்குதான்னு தெரியல.”

ஜி.எம். தாடையைத் தடவினார். “குப்பி கம்பெனிக்கு மே மாசம் வரைக்கும் குழாய் குடுக்கணும். நிறுத்தினா வேற இடத்துக்குப் போயிடுவான். தனகோட்டி, நீங்க சொல்லுங்க. தாங்குமா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“தாங்கும் சார். இன்னொரு விசிறி போட்டுப் பாத்துக்கலாம்.”

பௌசியா திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். போன வாரம் அவளிடம் நான் இப்படிச் சொல்லவில்லை. போன வாரம் வேறு யோசனையில் இருந்தேன். மனிதனுக்கு யோசனை மாறும்.

பிப்ரவரி 19, புதன்

பொங்கல், வடை. சோறு, மோர்க்குழம்பு. பப்பாளி.

வீட்டுக்கு வந்து வலது ஷூவைக் கழற்றியபோது ஒரு கண்ணாடித் துண்டு உருண்டு விழுந்தது. பட்டாணி அளவு இருக்கும். உடைகண்ணாடிக் குவியல் பக்கம் நடந்தபோது உள்ளே போயிருக்க வேண்டும். அந்தப் பக்கம் போனது காலையில். சாக்ஸ் அடியில் கறை. பெருவிரலுக்குக் கீழே சின்னக் காயம். மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் போட்டேன். இந்தமுறை கொடுத்த ஷூ ஒரு அளவு பெரிது. அதனால்தான் கண்டதும் உள்ளே போகிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

மனைவி அஞ்சலா கேட்டாள்: “எதுக்கு சாக்ஸ நீங்களே தொவைக்கிறீங்க?”

“சும்மாதான். நீயும் எவ்ளோதான் செய்வ.”

இத்தனை வருடத்தில் ஒரு கைக்குட்டைகூடத் துவைக்காத மனிதன் இப்படிச் சொன்னால் எந்தப் பெண் நம்புவாள்? ஆனால் அவள் மேலே கேட்கவில்லை. அவள் வேலை பார்க்கும் அங்கன்வாடியில் இந்த வாரம் பிள்ளைகளுக்கு எடை பார்க்கிறார்கள். எடை குறைந்த பிள்ளைகளின் அம்மாக்களிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, சோபாவில் அப்படியே கண்ணை மூடிக்கொள்கிறாள். எனக்கும் அப்படித்தான். இரண்டு பேரும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறோம், யாரும் பார்க்கவில்லை.

கோழிக் குழம்பு. சோறு கொஞ்சம் அதிகம்.

மார்ச் 3, திங்கள்

சாப்பாடு வழக்கம்போல்.

போன வருடம் பழைய சர்க்கரை டாக்டர் செய்த ஒரு காரியம் ஞாபகம் வந்தது. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய இழையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, “தெரியுதா, தெரியுதா” என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் “தெரியுது” என்றேன். சிரித்துவிட்டார். “நான் இன்னும் வைக்கவே இல்லைங்க” என்றார்.

அதன் பிறகு டாக்டரை மாற்றினேன். அவருடைய கிளினிக் வீட்டிலிருந்து ரொம்பத் தூரம்.

மார்ச் 9, ஞாயிறு

காலையிலிருந்து அஞ்சலா வீட்டைப் புரட்டிப் போடுகிறாள். எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறதாம், நாற்றம் தாங்கவில்லையாம். ஃப்ரிட்ஜை நகர்த்தினோம். பீரோவை நகர்த்தினோம். கட்டிலுக்கு அடியில் கோலை விட்டுக் குடைந்தாள். நானும் கூடவே நின்று டார்ச் அடித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

“உங்களுக்கு நாத்தம் அடிக்கலையா?”

“எனக்கு ஜலதோஷம்.”

ஊதுபத்தி ஏற்றிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தாள். நான் வேறு அறையில் படுத்துக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

என் நடை மாறியிருக்கிறது என்கிறான் லூர்து. ஷூ தேய்ந்திருக்கும்.

தவக்காலம் என்பதால் அவன் டப்பாவில் மீன் இல்லை. எனக்கும் பசி இல்லை. இரவு லேசாகக் குளிர் அடித்தது. மார்ச் மாதத்தில் திண்டிவனத்தில் குளிராம்.

மார்ச் 15, சனி

சிவப்பு கொஞ்சம் பரவியிருக்கிறது. பௌசியா பின்சுவருக்கு எதிரே நின்று வெகுநேரம் பார்த்தாள். விசிறிகளின் இரைச்சலில் என் காதருகே வந்து கத்தினாள்.

“சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஜி.எம். கேப்பாரு. நான் சொன்னா, சின்னப் பொண்ணு பயப்படுதுன்னு சொல்றாரு. எனக்கு முப்பத்தாறு வயசு.”

“மே வரைக்கும்தானம்மா.”

“உங்களுக்கு உண்மையிலயே தாங்கும்னு தோணுதா?”

“பாத்துக்கலாம்.”

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி வேர்வையைத் துடைத்தாள். “நீங்க இப்பல்லாம் பாத்துக்கலாம், பாத்துக்கலாம்னே சொல்றீங்க சார். முன்னாடி நேர்ல போய்ப் பாப்பீங்க” என்றாள்.

இந்தப் பக்கங்களை உணவு ஆலோசகர் பெண்ணிடம் காட்ட முடியாது. இட்லி, சோற்றை மட்டும் தனித் தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

மார்ச் 23, ஞாயிறு. ஆஸ்பத்திரி

அஞ்சலாவிடம் டைரியை எடுத்து வரச் சொன்னேன். கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து தளத்துக்கு வந்த கொஞ்ச நேரத்தில் நடந்தது. பின்சுவர் மூலையில் சிவப்புக்கு நடுவே ஒரு வெளிச்சப் புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பிதுங்கியது. அதிரசத்துக்குக் காய்ச்சிய பாகுபோல, நிதானமாக, அவசரமே இல்லாமல் கண்ணாடி வெளியே வந்தது. ஒழுகல் என்று சொல்வோம். சொல்லும்போது சின்ன விஷயமாகத் தெரியும். நிறுத்தாவிட்டால் உலை முழுவதும் அந்த வழியாகவே வெளியே வந்துவிடும். கீழே எரிவாயுக் குழாய்கள்.

அபாய மணி அடித்தது. பௌசியா கட்டுப்பாட்டு அறையிலிருந்து தீயைக் குறைத்தாள். நானும் லூர்துவும் தண்ணீர் ஹோஸ் குழாயைப் பிடித்துக்கொண்டு மூலைக்குப் போனோம். வேறு வழி இல்லை. ஒழுகும் இடத்தில் தண்ணீரை அடித்து, கண்ணாடியை அங்கேயே உறையவைக்க வேண்டும். நான் குழாயின் வாயைப் பிடித்தேன், லூர்து எனக்குப் பின்னால் வால்வைப் பார்த்துக்கொண்டான். ஆவி எழும்பி எதிரே ஒன்றும் தெரியவில்லை. முகக்கவசத்துக்குள் முகம் வெந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது.

ரப்பர் கருகும் வாசனை வந்தது.

“எங்கயோ ஹோஸ் எரியுது, பாரு லூர்து” என்று கத்தினேன்.

அவன் பார்த்தான். பிறகு அவன் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

“டேய் கோட்டி! காலு! உன் காலுடா!”

குனிந்தேன். ஒழுகிய கண்ணாடி சுவரை ஒட்டி வழிந்து வந்து நடைமேடையில் பரவியிருக்கிறது. மேலே கறுத்துத் தோல் கட்டியிருந்ததால் ஆறிய மாதிரி இருந்தது, உள்ளே தணல். என் வலது ஷூ அதன்மேல் இருந்தது. அடிப்பாகம் உருகி அதோடு ஒட்டிக்கொண்டு புகைந்துகொண்டிருந்தது.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் என்ன செய்தேன் என்றால், அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யாருடைய காலையோ பார்ப்பதுபோல.

லூர்து பாய்ந்து வந்து என்னை இழுத்தான். ஷூ விடவில்லை. வால்வைத் திருகுவதற்காக வலது கையுறையைக் கழற்றியிருந்தான். அதை மறந்து குனிந்து, அந்தக் கையாலேயே ஷூவைப் பிடித்துப் பிய்த்தான். இரண்டு பேரும் பின்னால் விழுந்தோம். அவன் கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கத்தினான். நான் கத்தவில்லை.

அதற்குள் வேறு ஆட்கள் குழாயைப் பிடித்துக்கொண்டார்கள். ஒழுகல் உறைந்து நின்றது என்று பிறகு சொன்னார்கள்.

மார்ச் 25, செவ்வாய்

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “தீக்காயம் அஞ்சு நாள் பழசு. அதுக்குக் கீழ இருக்கற புண்ணு எத்தன நாள் பழசு?” என்று கேட்டார்.

அஞ்சலா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“ஒரு வாரம் இருக்கும்” என்றேன்.

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்க்கவில்லை, கட்டிலுக்கு அடியிலிருந்த குப்பைக் கூடையைப் பார்த்தாள். “எலி” என்றாள் மெதுவாக. டாக்டருக்குப் புரியவில்லை.

நாளைக் காலை அறுவை.

மார்ச் 27, வியாழன்

இரண்டு விரல்.

கஞ்சி.

ஏப்ரல் 4, வெள்ளி

பரவியிருந்ததாம். இப்போது வலது பாதத்தின் முன்பாதி இல்லை. குதிகால் இருக்கிறது, அது அதிர்ஷ்டம் என்கிறார் டாக்டர். வலிக்கவில்லை. வலிக்காததுதான் உங்கள் வியாதியே என்கிறார்.

ஏப்ரல் 7, திங்கள்

ஜி.எம். ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். பின்னாலேயே பௌசியா. இருபது பேர் முன்னால் பேசுவதுபோல ஜி.எம். பேசினார். “உங்க கால் எரிஞ்சிட்டு இருந்தப்பகூட நீங்க ஹோஸ விடல. நீங்க விட்டிருந்தா பிளான்ட்டே போயிருக்கும். ஆபீஸ்ல அத்தன பேரும் இதத்தான் பேசறாங்க.”

கண்ணை மூடிக்கொண்டேன். மாத்திரை மயக்கம்.

அவர் போனபிறகு பௌசியா கொஞ்ச நேரம் இருந்தாள். உலையை அடுத்த நாளே வடித்துவிட்டார்களாம். அடியில் துளை போட்டு, கண்ணாடியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டு, எல்லாம் கற்கண்டு மாதிரி பொடிந்து கிடந்ததாம். இந்த உலையை முதன்முதல் பற்றவைத்தபோது நானும் லூர்துவும் பக்கத்தில் நின்றோம். வடிக்கும்போதும் நிற்பேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

“அந்த மூலையில ஒரு விரல் கனத்துக்குக்கூடச் செங்கல் இல்ல சார்” என்றாள்.

“லூர்து எப்படி இருக்கான்?”

“கைக்குத் தோல் வச்சிருக்காங்க. அவர நீங்க பாக்கலையா? இதே ஆஸ்பத்திரிலதான் சார் இருந்தாரு. கீழ் மாடியில. போன வாரம்தான் வீட்டுக்குப் போனாரு.”

ஏப்ரல் 22, செவ்வாய்

வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகிறது. அஞ்சலா விடுப்புப் போட்டிருக்கிறாள். காலை எழுந்ததும் கட்டுப் பிரித்து, கழுவி, மருந்து வைத்துக் கட்டுகிறாள். இடது காலையும் விடுவதில்லை. மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் இடுக்கு ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கிறாள். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சொறி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. ஒரு வார்த்தை பேசுவதில்லை. திட்டினால் பரவாயில்லை.

ஈஸ்டருக்கு லூர்து வீட்டிலிருந்து எப்போதும் வரும் கேக் வரவில்லை. எனக்குத்தான் சர்க்கரை ஆகாதே.

மே 11, ஞாயிறு

வெயில். படுத்தபடியே முதுகெல்லாம் வேர்க்குரு.

இன்று வாயைத் திறந்தாள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, நிமிராமல் கேட்டாள்.

“எத்தன மாசமா?”

“என்னது?”

“உணர்ச்சி இல்லாம.”

“ஒரேயடியா இல்லாம இல்ல. கொஞ்சம் மதமதன்னு…”

“எத்தன மாசம்னு கேட்டேன்.”

“ரெண்டு வருஷம் இருக்கும்.”

கீரையை முறத்தோடு தள்ளி வைத்தாள். “பீரோவ நகத்த முடியாம நான் கஷ்டப்பட்டுட்டு நிக்கறேன், நீங்க டார்ச் அடிக்கிறீங்க” என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து போய்க் குக்கரை வைத்தாள்.

மே 18, ஞாயிறு

ஜி.எம். போன் செய்தார். செங்கல் வந்து உலை கட்டி முடியப் போகிறது. ஜூன் ஒன்பதாம் தேதி பற்றவைக்கிறார்கள். விழாவில் எனக்குக் கேடயம். முதலாளியே தன் கையால் கொடுக்கிறாராம். “லூர்துசாமிக்கும் ஒரு சர்டிபிகேட் போட்டிருக்கோம்” என்றார்.

“போறீங்களா?” என்றாள் அஞ்சலா.

“கூப்பிடறாங்க. போகாம இருந்தா நல்லாருக்குமா?”

“அந்த மனுஷன் கை என்ன கதின்னு ஒரு நாள் கேட்டீங்களா?”

“போன் பண்ணேன். எடுக்கல.”

“எப்போ பண்ணீங்க?”

நான் போன் செய்யவில்லை. அது அவளுக்கும் தெரியும். வாரா வாரம் காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் லூர்து வீட்டுக்குத்தான் போய்வந்திருக்கிறாள். அவன் மனைவி ஸ்டெல்லாவுக்கு முழங்கால் வலி. இவள் போய் அவன் துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு வருகிறாள்.

“ரெண்டு விரல் மடங்கல” என்றாள். “வலது கை.”

ஜூன் 1, ஞாயிறு

அஞ்சலாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். கம்பெனி செய்து கொடுத்த ஷூவுக்குள் முன்பாதிக்குப் பஞ்சு அடைத்திருக்கிறது. ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு இறங்கியபோது லூர்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை. ஸ்டெல்லாதான் உள்ளேயிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்து வந்தாள். பிறகு அஞ்சலாவைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கையைப் பார்த்தேன். உள்ளங்கையில் தோல் வேறு நிறத்தில் சுருங்கியிருந்தது. சின்ன விரலும் அதற்கடுத்ததும் விறைத்து நின்றன.

நான் வழியில் யோசித்து வைத்திருந்த எதுவும் வரவில்லை.

“எனக்குக் கால்ல உணர்ச்சி இல்ல லூர்து. ரெண்டு வருஷமா இல்ல. அன்னைக்கு நான் நின்னது தைரியத்துல இல்ல. தெரியாமத்தான் நின்னேன்.”

“எனக்குத் தெரியாதா?” என்றான். “சுடற கால எவனாவது வேடிக்க பாப்பானா?”

தெருவில் ஐஸ் வண்டி போனது. அது மணியடித்துக்கொண்டு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாசக்கணக்கா பக்கத்துல உக்காந்து சோறு தின்ன. நடை மாறிடுச்சுடான்னு நானாவே கேட்டேன். அப்போ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன்ன அந்தப் பக்கம் நிக்க விட்டிருப்பனா? நான் ஹோஸ புடிச்சிருப்பேன், நீ வால்வுல நின்னிருப்ப. அவ்ளோதான். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.”

“தப்புதான்.”

“செவுரு தாங்கும்னு சொன்னியே, அது? மெடிக்கலுக்குப் பயந்துதான சொன்ன?”

வாயைத் திறந்தேன். இல்லை என்று சொல்லலாம். விசிறியைப் பற்றி, கப்பலைப் பற்றி, குப்பிக் கம்பெனியைப் பற்றி எத்தனையோ சொல்லலாம். எல்லாம் உண்மைதான்.

“ஆமா” என்றேன்.

அவன் இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்கினான். அது டாக்டர் சொல்லிக் கொடுத்த பயிற்சி போலிருக்கிறது. மடங்காத இரண்டுக்கு வந்ததும் பல்லைக் கடித்தான். எனக்குத் தெரியாத வலி, அவன் முகத்தில் தெரிந்தது.

“போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. அவதான் வடிச்சிடலாம்னு மொதல்ல சொன்னா. பயந்தாங்கொள்ளின்னு இப்பவும் பேரு அவளுக்கு” என்றான்.

ஜூன் 2, திங்கள்

பௌசியாவுக்குப் போன் செய்தேன். கால் விஷயம், கூட்டத்தில் தாங்கும் என்று ஏன் சொன்னேன் என்பது, எல்லாம். இடையில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

“இத நான் ரிப்போர்ட்ல எழுதணும் சார்.”

“எழுதும்மா.”

“கேடயம் கிடைக்காது. விசாரணை வரும். வேலையே கூட…”

“தெரியும்.”

“ஒழுகல் அன்னைக்கு ராத்திரியெல்லாம் நான் தூங்கல சார். இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கணுமோ, என் பேச்சுலதான் ஏதோ குறையோன்னு. இத்தன நாளா அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்” என்றாள். குரல் உடைந்தது. கோபமா அழுகையா தெரியவில்லை. வைத்துவிட்டாள்.

உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். களைப்பாக இருந்தது. மத்தியானம் முழுவதும் தூங்கினேன்.

ஜூன் 6, வெள்ளி

ஜி.எம். பேசினார். கேடயம் இல்லை. விழாவுக்கும் வர வேண்டாம். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார். அவருடைய குரலில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது. தாங்குமா என்று கேட்டவர் அவர்தானே. ரிப்போர்ட்டில் அதுவும் இருக்கிறதாம்.

ஜூன் 9, திங்கள்

அஞ்சலா வேலைக்குப் போகும் வழியில் என்னை லூர்து வீட்டில் இறக்கிவிட்டுப் போனாள். நான் கேட்கவில்லை. “வீட்ல தனியா உக்காந்து கடிகாரத்தப் பாக்க வேணாம்” என்றாள்.

லூர்துவும் விழாவுக்குப் போகவில்லை. சர்டிபிகேட் வாங்குகிற கை இதுதான் என்று சொல்லிக் காட்டினான். சிரிப்பதற்காகச் சொன்னானா என்று தெரியாததால் நான் சிரிக்கவில்லை.

பழைய மாதிரி இல்லை. அவன் என்னை “டேய்” என்று கூப்பிட்டு இரண்டரை மாதமாகிறது. வேப்பமரத்தடியில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். ஸ்டெல்லா டீ கொண்டுவந்தாள். அவன் டம்ளரை இடது கையால் வாங்கினான்.

“இந்நேரம் பத்த வச்சிருப்பாங்க” என்றேன்.

“வச்சிருப்பாங்க.”

“பௌசியாதான் வைக்கிறாளாம். ஜி.எம். இல்லையாம்.”

“நல்லா வைப்பா” என்றான். டீயைக் குடித்தான். செங்கல் சூடேற இரண்டு வாரம் ஆகும், அவசரப்பட்டால் விரிசல் விடும், அவளுக்கு அது தெரியும் என்றான். தெரியும் என்றேன். அதற்கு மேல் உலையைப் பற்றிப் பேச எங்களுக்கு ஒன்றும் இல்லை. காற்றில்லாமல் மரம் அசையாமல் நின்றது. நான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினேன்.

“டேய் கோட்டி.”

கண்ணைத் திறந்தேன்.

“இடது கால எடு. எறும்புப் புத்து மேல வச்சிருக்க.”

குனிந்து பார்த்தேன். கட்டெறும்புகள் கணுக்கால் வரை ஏறியிருந்தன. கொத்துக் கொத்தாக. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நான் கையை நீட்டுவதற்குள் அவன் நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டான். என் காலைத் தூக்கித் தன் முட்டிமேல் வைத்து, மடங்குகிற விரல்களால் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டான்.